ஏழாம் இலக்கத்துக்கு நேரே

மெட்ட என்கிற டெனிஷ்காரி செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல வந்தாள். நவம்பர் மழை அவளுடைய தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பிளாஸ்டிக் உறையைக் குசினி மேசையில் மெதுவாக வைத்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். பிறகு ஜீவரட்ணத்தின் மனைவி ஞானமலர் ஊற்றிக் கொடுத்ததும் குடித்தாள்.

"இதுதான் அது, ஜீவா. அம்மாவின் அலுமாரியில் இருந்தது."

ஜீவரட்ணம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பார்க்காமலே தெரிந்துவிட்டது, அது எந்தத் தாள் என்று.

மெட்டவின் தாய் பென்ட செப்டெம்பரில்தான் செத்துப்போனாள். ஜீவரட்ணம் இருக்கிற கிரின்ஸ்டெட்டிலிருந்து காரில் அரைமணி போனால் ஒரு சின்னப் பட்டணம். அங்கேயுள்ள விளையாட்டு மண்டபத்தில், ஒரே மேசையில், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் பென்டவும் ஜீவரட்ணமும் பதினாலு வருஷம் இருந்தவர்கள். இரண்டு பேரும் சம்பளமில்லாத ஆட்கள். வேலை முடிந்து வந்து, ஒரு கோப்பை கோப்பிக்கும் ஒரு துண்டுக் கேக்குக்கும், அந்த ஊர்க் கூடைப்பந்துக் கிளப்பின் புள்ளிவிபரத்தை எழுதியவர்கள்.

உங்களுக்குக் கூடைப்பந்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இவ்வளவு தெரிந்தால் போதும். புள்ளிவிபரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்லுகிறவர். மற்றவர் கேட்டு எழுதுகிறவர். சொல்லுகிறவர் குனியக்கூடாது. எழுதுகிறவர் நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் அடுத்த வரி தவறிப்போகும். "நாலு, இரண்டு புள்ளி. ஒன்பது, ரீபவுண்ட். ஏழு, அசிஸ்ட்" என்று ஜீவரட்ணம் ஆட்டக்காரரின் சட்டை இலக்கத்தோடு சொல்லிக்கொண்டே போவார். பென்ட பேனையால் கோடு போட்டுக்கொண்டே போவாள். ரீபவுண்ட் என்பது, கூடைக்குள் போகாமல் திரும்பிவந்த பந்தைப் பிடிப்பது. அசிஸ்ட் என்பது, நீ கொடுத்த பந்தை வாங்கி மற்றவன் கூடைக்குள் போட்டால் உனக்குக் கிடைக்கிற பேர். பந்து உள்ளே போனதை எல்லாரும் காண்பார்கள். கொடுத்த கையைக் காண்பதற்கு ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கொடுத்த கை பெரிதா, போட்டவன் தன் கெட்டித்தனத்தால் போட்டானா என்று தீர்மானிப்பதும் சொல்லுகிறவருடைய வாய்தான்.

மேசையில் இருந்த தாள், இருபது வருஷத்துக்கு முந்தின ஏப்ரலில் நடந்த இறுதியாட்டத்தின் தாள். நாற்பது நிமிடம் முடிந்து சமம். ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுத்தார்கள், சமம். திரும்பவும் கூட்டினார்கள், சமம். மூன்றாம் தரமும் சமம். நாலாம் தரத்தில் நூற்றிப் பதினெட்டுக்கு நூற்றிப் பதினேழு என்று அந்தச் சின்னப் பட்டணம் தலைநகரக் கிளப்பை வென்றது. அதற்கு முதலும் அந்த ஊர் ஒன்றையும் வென்றதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. இன்றைக்கு அந்த மண்டபத்தில் சின்னப்பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக் செய்கிறார்கள். ஆட்டத்தை வீடியோ எடுத்த மனிசனின் கமராவும் மூன்றாம் சமத்துக்கு முதலே மின்சாரம் தீர்ந்து நின்றுவிட்டது. மிச்சமிருப்பது இந்தத் தாள் ஒன்றுதான்.

"சனிக்கிழமை கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்துச் சுவரில் மாட்டுகிறோம்," என்றாள் மெட்ட. அவள்தான் இப்போது கிளப்பின் செயலாளர். "அதுக்கு முதல் நீங்கள் ஒருதரம் பார்க்கவேண்டும். ஏழாம் இலக்கத்துக்கு நேரே பாருங்கள். அம்மா பென்சிலால் என்னவோ குத்தி வைத்திருக்கிறா. ஊத்தை மாதிரிக் கிடக்கு. அழிறப்பரால் துடைத்துவிடட்டோ என்று கேட்கத்தான் வந்தேன்."

ஏழாம் இலக்கம் நேதன். ஜீவரட்ணத்தின் மகன்.

அவர் விரலை வைத்து வரியோடு போனார். நாற்பத்தேழு நிமிடம். ஆறு புள்ளி. மூன்று ரீபவுண்ட். ஐந்து பந்திழப்பு. அசிஸ்ட் என்ற கட்டத்துக்குள் பென்டவின் நேரான கையெழுத்தில் இரண்டு. அந்தக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், கடுகளவில் பென்சில் பொட்டுகள். எண்ணினார். ஒன்பது.

"இது என்னவென்று நான் அம்மாவிடம் ஒருதரம் கேட்டேன்," என்றாள் மெட்ட. "'ஜீவா மூச்சை உள்ளே இழுத்துப்போட்டு ஒன்றும் சொல்லாமல் விட்ட இடங்கள்' என்று சொன்னா. எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?"

"இல்லை," என்றார் ஜீவரட்ணம்.

மெட்ட போனபிறகு ஞானமலர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"விளங்கேல்லையோ உங்களுக்கு?"

"அந்த மனிசி நிமிர்ந்தே பாக்கிறேல்லை, ஞானம். பதினாலு வருஷமும் நிமிர்ந்து பாத்ததில்லை."

"காது இருந்தது தானே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கு உங்கடை விளையாட்டொண்டும் தெரியாது," என்றாள் ஞானமலர். "ஆனா அண்டைக்குப் பெடியன் வீட்டை வந்து, கப்பையும் கொண்டுவந்து, சோறு தின்னாமல் படுத்தவன். வெண்ட பெடியன் ஏன் தின்னாமல் படுக்கிறான் எண்டு நான் உங்களைக் கேட்டனான். களைப்பு எண்டு சொன்னியள்."

அது களைப்பில்லை. திரும்பி வரும் வழியில் காருக்குள் நேதன் கேட்டிருந்தான். முன் கதிரையில் இருந்தான், மடியில் கப். வேர்வை காயவில்லை. டெனிஷில்தான் கேட்டான், எப்போதும் அப்படித்தான். ஆனால் குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "அப்பா, கண்டீங்களா?"

ஜீவரட்ணம் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார், "அஞ்சு தரம் பந்தை விட்டிட்டாய்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரைக்கும் காருக்குள் வைப்பரின் சத்தம்தான்.

பெடியனில் பாசமில்லாத மனிசன் என்று நினைத்துவிடாதேயுங்கோ. பாசம்தான் இவ்வளவுக்கும் வினை. நேதன் பெரிய அணிக்கு வந்த முதல் மாதத்தில், இடைவேளையில் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்ற ஒரு டெனிஷ்காரன் பகிடியாகச் சொன்னான்: "மகன் மைதானத்தில், அப்பா மேசையில். வீட்டுச் சமையல் புள்ளிவிபரம்!" எல்லாரும் சிரித்தார்கள். ஜீவரட்ணமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிந்து கதிரையில் வந்து இருந்தபோது வாய் மாறிவிட்டது. அவருக்கு அது புதிதுமில்லை. அவருடைய தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். தன் வகுப்பில் படித்த தன் பிள்ளைக்குத் தொண்ணூற்றிரண்டு எடுத்த இடத்தில் எண்பது போட்டவர். பிள்ளைக்குப் பந்தம் பிடிக்கிறான் என்று ஊர் சொல்லக்கூடாதாம். அதைக் கேட்டுத் தான் அழுததும், தகப்பன் திரும்பிப் பார்க்காததும் ஜீவரட்ணத்துக்கு மறக்கவில்லை. மறக்காமலே அதையே செய்தார். மற்றப் பெடியன்கள் கொடுத்த பந்தில், வாங்கினவன் இரண்டுதரம் தட்டிவிட்டுப் போட்டாலும் "அசிஸ்ட்" என்பார். தன் மகன் கொடுத்த பந்தில், வாங்கினவன் கண்ணிமைத்தாலே அது அசிஸ்ட் இல்லை. பந்திழப்பு என்றால் மட்டும் "ஏழு" என்ற சொல் வாயிலிருந்து தடையில்லாமல் வந்துவிடும்.

இறுதியாட்டத்துக்கு அடுத்தநாள் பேப்பரில் வெற்றியைப் பெரிதாகப் போட்டார்கள். அடியில் ஒரு வரி: பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய இளைஞன், நாற்பத்தேழு நிமிடத்தில் இரண்டு அசிஸ்ட், ஐந்து பந்திழப்பு. கோடையில் வெளிநாட்டிலிருந்து புதுப் பயிற்றுநர் வந்தார். அவர் ஆட்டத்தைக் கண்டவரில்லை. தாள்களைத்தான் கண்டார். நேதனை வைத்திருக்கவில்லை. நேதன் கீழ்ப்பிரிவில் இரண்டு வருஷம் ஓடி, முழங்கால் போய், பந்தைத் தொடாமல் விட்டான். பிறகு கடற்பாலத்துக்கு அப்பால், தலைநகருக்குப் பக்கத்து இஷொய்க்குப் போய், ஒரு களஞ்சியத்தில் பொருள் ஏற்றுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தாயோடு கதைப்பான். தகப்பன் போனை வாங்கினால் டெனிஷில் "எல்லாம் சரி" என்பான். வீட்டுக்கு வந்து ஆறு வருஷம்.

"அவனை மெட்ட கூப்பிட்டவளாம் சனிக்கிழமைக்கு," என்றாள் ஞானமலர். "வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான். இந்தத் தாளைச் சுவரிலை கொழுவினா அவன் இனி இந்த ஜூட்லண்ட் பக்கமே வரமாட்டான். எனக்குத் தெரியும்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? கையெழுத்து வைச்ச தாள். மாத்தேலாது."

"தாளை ஆர் மாத்தச் சொன்னது? கண்டனான் எண்டு சொல்லுங்கோ அவனுக்கு. கேட்டவன் தானே. இருபது வருஷமா மறுமொழி இல்லாமல் இருக்கிறான்."

"ஞாயிற்றுக்கிழமை சபையிலை சொல்லுவம் எண்டு..."

"சபையிலை எழும்பி நிண்டு சாட்சி சொன்னா எல்லாரும் கை தட்டுவினம், அல்லேலூயா சொல்லுவினம். உங்களுக்குச் சுகமாயிருக்கும். பெடியனுக்கு என்ன?"

வியாழக்கிழமை காலை ஞானமலர் ஐஸ்கிறீம் டப்பாவில் மகனுக்குக் கோழிக்கறி போட்டுக் கொடுத்தாள். அவர் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ வரேல்லையோ?"

"நான் வந்தா, நீங்கள் என்னைக் கதைக்க விட்டிட்டுக் கறியைப் பற்றிக் கதைப்பியள். போட்டு வாங்கோ. பாலத்திலை காத்தாம், மெதுவா ஓடுங்கோ."

பாலத்தில் காற்று காரைப் பக்கத்தால் இடித்தது. கீழே கடலும் மேலே வானமும் ஒரே ஈய நிறம். தாள் உறையோடு பக்கத்துக் கதிரையில் கிடந்தது. அதற்கும் பெல்ட் போட்டிருந்தார். மூன்று மணித்தியாலமும் அவர் அந்த ஒன்பதையும் வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்தபடி ஓடினார். கஷ்டமிருக்கவில்லை. சொன்ன ஆயிரம் அசிஸ்டுகள் மறந்துபோயின. சொல்லாதவை ஒன்றும் மறக்கவில்லை.

நேதனின் வீடு நாலாம் மாடியில். காலை வேலை முடிந்து வந்து சீருடையோடுதான் கதவைத் திறந்தான். முன்தலையில் முடி குறைந்திருந்தது. முழங்காலை மடக்காமல் நடந்தான். தகப்பனைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், உறையைப் பார்த்தான்.

"அம்மாவுக்கு என்னவும் நடந்ததோ?" டெனிஷில் கேட்டான்.

"இல்லை, இல்லை. அம்மா சுகமாயிருக்கிறா. கறி தந்துவிட்டவ."

"கறி தரவா முன்னூறு கிலோமீற்றர் வந்தீங்கள்?" இதைத் தமிழில் கேட்டான். கிண்டலென்றால் இவனுக்குத் தமிழ் வரும்.

"உள்ளுக்கு விடன், தம்பி."

குசினியில் ஒரு மேசை, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் மடித்த உடுப்புகள். நேதன் அவற்றைத் தூக்கி நிலத்தில் வைத்தான். ஜீவரட்ணம் இருந்தார். நேதன் இருக்கவில்லை, கை கழுவுகிற இடத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். தாளை எடுத்து மேசையில் வைத்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அதை நான் பார்க்கத் தேவையில்லை. எனக்குப் பாடம்."

"பொட்டுகளைப் பார்."

"என்ன பொட்டு?"

"பென்ட போட்டது. நான் சொல்லாமல் விட்டது. ஒன்பது." விரலை அந்த ஓரத்தில் வைத்தார். "நான் கண்டனான், நேதன். ஒன்பதையும் கண்டனான்."

நேதன் திரும்பிக் கோப்பி மெசினுக்குத் தண்ணி விடத் தொடங்கினான். முதுகுதான் தெரிந்தது. ஜீவரட்ணம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, ஆட்ட மேசையில் இருந்து சொல்லுகிற குரலில், டெனிஷில், தொடங்கினார்.

"முதலாம் கால்பகுதி, மூன்றாவது நிமிடம். ஏழு, அசிஸ்ட். நாலு, இரண்டு புள்ளி. நீ வலப்பக்கம் பார்த்துக்கொண்டு இடப்பக்கம் கொடுத்தனீ. முதலாம் கால்பகுதி, எட்டாவது நிமிடம். ஏழு, அசிஸ்ட். பன்னிரண்டு, இரண்டு புள்ளி. அவன் உயரமான பெடியன், நீ நிலத்திலை அடிச்சு அவன்ரை கைக்கு எழும்பப் பண்ணினனீ..."

தண்ணி நிரம்பி வழிந்தது. நேதன் குழாயைப் பூட்டினான். திரும்பவில்லை.

ஜீவரட்ணம் நிறுத்தவில்லை. மூன்று, நாலு, ஐந்து. இடையில் தமிழுக்குப் போனார், திரும்ப டெனிஷுக்கு வந்தார். ஆறாவதைச் சொல்லும்போது கை தானாக எழும்பி அந்தப் பந்து போன வழியைக் காட்டியது. மணி நாலாகவில்லை, அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருண்டுவிட்டது. ஒருவரும் விளக்குப் போடவில்லை. நாலாவது மேலதிக நேரம், கடைசி நிமிடம், ஏழு, அசிஸ்ட், ஒன்பது, இரண்டு புள்ளி, நூற்றிப் பதினெட்டு. அதோடு முடிந்தது.

"வெண்டது அந்தப் பந்திலை தான்," என்றார். "அதையும் நான் சொல்லேல்லை."

நேதன் திரும்பாமலே சொன்னான்: "பத்து."

"என்ன?"

"ஒன்பதில்லை. பத்து." இப்போது திரும்பினான். கோபமாக இல்லை, அதுதான் அவருக்குப் பயமாயிருந்தது. "மூன்றாவது மேலதிக நேரம். ஒன்பது செக்கன் இருந்தது. நாங்கள் இரண்டு புள்ளி குறைய. இரண்டு பேர் என்னை மறிச்சவங்கள், நான் அவங்கட காலுக்குக் கீழாலை நாலுக்குக் கொடுத்தனான். அவன் போட்டான், சமம். அது இல்லாட்டி நாலாவது இல்லை. இந்தத் தாளும் இல்லை."

ஜீவரட்ணம் தேடினார். தலைக்குள் எல்லாம் இருந்தது. மூன்றாவது மேலதிக நேரம், ஒன்பது செக்கன், மண்டபத்தின் இரைச்சல். பிறகு நாலாம் இலக்கத்தை எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள். "யார்?" என்று பென்ட குனிந்தபடி கேட்கிறாள். "நாலு, இரண்டு புள்ளி" என்கிறார் அவர். நடுவில் ஒன்றுமில்லை.

"நான் உங்களைத்தான் பார்த்தனான்," என்றான் நேதன். "பந்து உள்ளை போனதும் எல்லாரும் அவனிட்டை ஓட, நான் மேசையைப் பார்த்தனான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீங்கள். காருக்குள்ளை நான் கேட்டது அதைத்தான்."

"ஜெபிச்சனான், தம்பி."

"தெரியும். உங்கட வாய் அசைந்தது." தகப்பனுக்கு எதிரே, கதிரையை இழுத்து, முதல்தரமாக இருந்தான். குரல் இறங்கிவிட்டது. காருக்குள் கேட்ட அந்தக் குரல். "என்ன கேட்டீங்கள்?"

என்ன கேட்டார் என்பது ஜீவரட்ணத்துக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷத்தில் ஒருநாளும் மறக்கவில்லை. ஐந்து பந்திழப்பை அந்த வாயால் சொல்லியாகிவிட்டது. ஆறாவதைச் சொல்ல அவரால் முடியாது. இவ்வளவு சனத்துக்கு முன்னால் இந்த ஊர் தோற்றதற்கு என் பிள்ளை காரணமென்று இருக்கக்கூடாது. கர்த்தாவே, இந்தப் பந்து இவனிட்டைப் போகாமல் இருக்கட்டும். அதுதான் கேட்டது. பந்து அவனிடம்தான் போனது. அவன் அதை எவராலும் கொடுக்கமுடியாத மாதிரிக் கொடுத்தான். அவர் கண் மூடியிருந்தது.

நீ வெல்லவேணும் எண்டு கேட்டனான் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை நம்பியிருப்பான். நம்ப விரும்பித்தான் எதிரே வந்து இருந்தான்.

ஜீவரட்ணம் மூச்சை உள்ளே இழுத்தார்.

நேதன் காத்துக்கொண்டிருந்தான். குளிர்சாதனப் பெட்டி ஒருதரம் இரைந்து அடங்கியது. கீழே தெருவில் பஸ் ஒன்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. அவன் தகப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு பார்ப்பதை விட்டான்.

எழும்பி விளக்கைப் போட்டான். ஜன்னல் விளிம்பில், வேலைப் பட்டியலோடு கிடந்த பென்சிலை எடுத்தான். தாளைத் தன் பக்கம் திருப்பி, உறையிலிருந்து எடுத்து, ஏழாம் இலக்கத்துக்கு நேரே, ஒன்பதாவது பொட்டுக்குப் பக்கத்தில், பென்ட வைத்த அதே இடைவெளி விட்டு, ஒரு பொட்டு வைத்தான். அழுத்தி வைக்கவில்லை. திரும்ப உறைக்குள் போட்டுத் தகப்பன் பக்கம் தள்ளினான்.

"இப்ப மாட்டுங்கள்," என்றான் டெனிஷில்.

"நீ சனிக்கிழமை..."

"வேலை." டப்பாவைத் திறந்து மணந்து பார்த்து மூடினான். "அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கோ. பாலத்திலை காத்து. ஏழு மணிக்கு முதல் பாலத்தைத் தாண்டப் பாருங்கோ."

வாசல்வரைக்கும் வந்தான். தகப்பனின் ஜக்கெற்றின் கொலர் உள்ளே மடிந்திருந்தது, அதை எடுத்து விட்டான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மண்டபத்தில் முப்பது பேர் மட்டில் வந்திருந்தார்கள். நாலாம் இலக்கம் வந்திருந்தான், வயிறு வைத்து, தன் பிள்ளைகளோடு. மெட்ட மேசையில் சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, தாளை வைக்கிறதுக்கு முதல், குனிந்து எண்ணினாள்.

"அம்மா வைத்தது ஒன்பது என்று நினைத்தேன்."

"பத்து," என்றார் ஜீவரட்ணம்.

"துடைக்கவா, விடவா?"

"விடு."

அவள் கண்ணாடியைப் பூட்டித் தூக்கிக் கொடுத்தாள். ஒருவன் ஆணியில் மாட்டினான். ஞானமலர் கேக் வெட்டினாள். ஆட்கள் வந்து, தங்கள் தங்கள் இலக்கத்தைத் தேடி விரல் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஏழாம் இலக்கத்துக்கு நேரே விரல் வைக்க ஒருவரும் இருக்கவில்லை. ஜீவரட்ணம் கதிரையை அங்கே இழுத்துப் போட்டு இருந்தார். கண்ணை மூடவில்லை. ஞானமலர் கொண்டுவந்து கையில் கொடுத்த கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.